ரிப்போர்ட்டை மறைச்சு வெச்சு ஸ்கூல் தேடாதீங்க

ஜனவரில மடிப்பாக்கத்துல இருந்து ஒரு அம்மா பையனை கூட்டிட்டு வந்தாங்க, நாலாவது படிக்கிறான், அதுக்குள்ள இது மூணாவது ஸ்கூல். ஏர்போர்ட்ல இருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஸ்டேஷன் எல்லாத்தையும் வரிசையா சொல்றான், ஆனா போர்டுல இருக்கறதை நோட்ல எழுதச் சொன்னா பாதி தான் முடிக்கிறான், இங்கிலீஷ்ல சின்ன 'பி'யும் 'டி'யும் மாறிப்போகுது, தமிழ்ல 'கொ' எழுதச் சொன்னா கொம்பு எங்க கால் எங்கன்னு திணறுறான். டிஸ்லெக்சியா, அதாவது படிக்கவும் எழுதவும் திணற வைக்கிற கற்றல் குறைபாடுன்னு அசெஸ்மென்ட் ரிப்போர்ட் ஏற்கனவே கைல இருக்கு. அதை இந்த ஸ்கூல்ல காட்டவே இல்ல. "காட்டினா சீட் தர மாட்டாங்க மேடம்"னு அழுதாங்க. ஏழு மாசம் கழிச்சு அந்த ஸ்கூல் கூப்பிட்டு, பையன் சோம்பேறி, கவனமே இல்ல, டிசி வாங்கிக்கோங்கன்னு சொல்லிடுச்சு.

15 வருஷமா சென்னைல ஸ்பெஷல் எஜுகேட்டரா, அதாவது இந்த மாதிரி குழந்தைங்களுக்கு சொல்லித்தர்ற டீச்சரா இருக்கேன், இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டேன்னு கணக்கே இல்ல. அந்த அம்மாவோட பயம் எனக்கு புரியுது, ஆனா ரிப்போர்ட்டை மறைச்சா சீட் கிடைக்கும், உதவி கிடைக்காது, டீச்சருக்கு விஷயமே தெரியாததால திட்டு மட்டும் தினம் கிடைக்கும்.

சட்டம் நம்ம பக்கம் தான் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைல டிஸ்லெக்சியா மாதிரி குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒண்ணு, அரசு அங்கீகாரம் வாங்கின எல்லா பள்ளியும் இந்தக் குழந்தைங்களை சேர்த்து படிக்க வைக்கணும்னு அதுலயே இருக்கு. ஆனா சட்டத்தை காட்டி சண்டை போட்டு சீட் வாங்கிட்டு நாம வீட்டுக்கு வந்துடுவோம், அந்த கிளாஸ்ல தினமும் ஆறு மணி நேரம் உக்காரப்போறது குழந்தை. அதனால நான் முதல்ல பாக்கச் சொல்றது ரிப்போர்ட்டை மேஜைல வெச்சதும் அந்த ஸ்கூல் என்ன பண்ணுதுன்னு தான். பிரிச்சு படிக்கறாங்களா, இல்ல ஓரமா தள்ளி வெச்சுட்டு ஃபீஸ் பேசறாங்களா?

இப்ப எல்லா ஸ்கூல் போர்டுலயும் 'இன்க்ளூசிவ்', அதாவது எல்லா குழந்தைங்களையும் சேர்த்துப்போம்னு எழுதிடறாங்க. ஓபன் டே அன்னைக்கு போகாதீங்க, சாதாரண செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு போய், இந்தக் குழந்தைங்களுக்கு தனியா சொல்லித்தர்ற ரிசோர்ஸ் ரூமை காட்டுங்கன்னு கேளுங்க. நான் ஒரு ஸ்கூல்ல கேட்டப்போ பூட்டி இருந்துச்சு, சாவி தேடி திறந்தா உள்ள ஆண்டு விழா டிரஸ் மூட்டை மூட்டையா கிடக்குது, மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு. ஸ்பெஷல் எஜுகேட்டர் முழு நேரமா இருக்காங்களா, ஆர்சிஐல (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பண்ணின எண் இருக்கா, ஒருத்தருக்கு எத்தனை குழந்தைங்க, இதெல்லாம் கேக்கறதுல தப்பே இல்ல. அப்புறம் கிளாஸ் டீச்சர்கிட்ட ஒரே ஒரு கேள்வி, "போர்டுல இருக்கறதை எழுதி முடிக்காத பிள்ளைய என்ன பண்ணுவீங்க?" பிரேக்ல உக்கார வெச்சு எழுத வைப்போம்னு பதில் வந்தா கிளம்பி வந்துடுங்க. பிரிண்ட் குடுப்போம், பக்கத்து பையன் நோட்டை போட்டோ எடுத்து அனுப்புவோம்னு சொன்னா அங்க உக்காந்து மேற்கொண்டு பேசுங்க.

நிறைய பேர் யோசிக்காத விஷயம் எத்தனை மொழிங்கறது. சிபிஎஸ்இல சேர்த்துட்டு இங்கிலீஷ், தமிழ், மூணாவதா ஹிந்தி, வீட்ல தெலுங்கு பேசுறவங்களும் உண்டு. ஒரு எழுத்து முறையையே பிடிக்கத் திணறுற குழந்தைக்கு மூணு எழுத்து முறைன்னா எவ்ளோ பாரம்னு யோசிச்சு பாருங்க. கற்றல் குறைபாடு சர்டிஃபிகேட் இருந்தா சிபிஎஸ்இல மூணாவது மொழில இருந்து விலக்கு கேக்கலாம், போர்டு எக்ஸாம்ல மொழிப்பாடம் ஒண்ணு போதும், 3 மணி நேர பரீட்சைக்கு 1 மணி நேரம் கூடுதலா கிடைக்கும், சொல்றதை எழுத ஆள் வெச்சுக்கலாம். ஸ்டேட் போர்டுலயும் 10, 12 பொதுத்தேர்வுக்கு மொழிப்பாட விலக்கு, கூடுதல் நேரம், எழுதுறவர் எல்லாம் இருக்கு. ஆனா இதுக்கு ஸ்கூல் தான் விண்ணப்பம் அனுப்பணும், அதனால இதுவரைக்கும் எத்தனை பிள்ளைங்களுக்கு வாங்கி குடுத்திருக்கீங்கன்னு சேர்க்கும்போதே கேளுங்க, அப்படி ஒண்ணு இருக்கான்னு திருப்பி கேக்கற ஸ்கூலும் இருக்கு. எதுவுமே ஒத்துவரலன்னா என்ஐஓஎஸ்ங்கற தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு, 5 வருஷத்துல 9 தடவை எழுத வாய்ப்பு உண்டு, அதை தோத்துப்போனவங்க போற வழின்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க.

ரிப்போர்ட்டே இன்னும் எடுக்கலன்னா தி.நகர்ல மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இருக்கு, அங்க போய் பேசுங்க.

அந்த மடிப்பாக்கம் அம்மா அதுக்கப்புறம் ஆறு ஸ்கூல் ஏறி இறங்கினாங்க, ஒவ்வொரு இடத்துலயும் ரிப்போர்ட்டை முதல்லயே எடுத்து வெச்சாங்க. நாலு ஸ்கூல்ல போன் பண்றோம்னு சொல்லி பண்ணல. ஆறாவது ஸ்கூல்ல ஹெச்எம் மேடம் கண்ணாடியை போட்டுக்கிட்டு முழுசா படிச்சுட்டு, "எழுத வேணாம், வாயால சொன்னா கரெக்டா சொல்றானா?"ன்னு கேட்டாங்களாம். வெளிய வந்ததும் எனக்கு போன் பண்ணாங்க, "மேடம், சின்ன ஸ்கூல் தான், ஏசி இல்ல, கிரவுண்ட் கூட சுமாரா தான் இருக்கு, சேர்க்கலாமா?"

இன்னைக்கே ஃபீஸ் கட்டிடுங்கன்னு சொன்னேன்.