கடற்கரைப் பிள்ளைகள் புவி அறிவியல் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது

ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில் என் வாட்ஸ்அப்பில் விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையோரத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். "அக்கா, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க" என்பார்கள். கடற்கரை வரைபட வேலையில் இருப்பதால் இன்டர்ன்களைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியாத எது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ, அதை மட்டும் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

போன தடவை வந்த ஒன்றைச் சொல்கிறேன். மூக்கையூர்ப் பக்கத்துப் பொண்ணு, எம்.எஸ்சி. புவியியல் முதலாண்டு. "ஏன் இந்தத் திட்டத்தில் சேர விரும்புகிறீர்கள்" என்ற கேள்விக்கு, "சிறு வயதிலிருந்தே பூமியின் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஆரம்பித்து, பருவநிலை மாற்றம் உலகுக்கே சவால் என்று எழுதி, இந்த வாய்ப்பு என் கனவு என்று முடித்திருந்தாள். நல்ல இங்கிலீஷ், பிழை இல்லை. இதே மூன்று வாக்கியங்கள் டெல்லியிலிருந்தும் புனேயிலிருந்தும் வரும், கட்டுக்கட்டாக. படிக்கிறவர்கள் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள்.

போனில் கூப்பிட்டு, கடற்கரையில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். வலை போட்டு வைக்கும் கொட்டகையை அப்பா இரண்டாவது முறையாகப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறார் என்றாள். எந்த மாதத்தில் மண் அதிகம் போகிறது என்றதற்கு, "கச்சான் அடிக்கிறப்ப போகும்க்கா, அப்புறம் கொஞ்சம் திரும்பி வரும், முழுசா வராது" என்றாள். கடற்கரை அரிப்பைப் பற்றி இதைவிடக் கூர்மையான வரி அந்த ஆண்டு விண்ணப்பங்கள் எதிலும் என் கண்ணில் படவில்லை. தென்மேற்குக் காற்றில் போகும் மணலில் எவ்வளவு பங்கு வாடைக்காலத்தில் திரும்புகிறது, திரும்பாத பங்கு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதா என்பது செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. அதைத்தான் எழுதச் சொன்னேன்.

கேள்வி கிடைத்துவிட்டால் அடுத்து, அந்தக் கேள்வியைக் கையிலிருக்கும் தரவு தாங்குமா என்று பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. 2008-இலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 80-களிலிருந்து கிடைக்கும் படங்களிலேயே ஒரு புள்ளி (பிக்சல்) தரையில் 30 மீட்டர். அதற்கு முந்தையவை இன்னும் மங்கல். 2015-க்குப் பிறகு வந்த சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். கொட்டகை எட்டு மீட்டர் பின்வாங்கியதை லேண்ட்சாட்டில் காட்டப் போகிறேன் என்று எழுதினால், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும், இவர் படத்தைத் திறந்தே பார்க்கவில்லை என்று.

நம் கரைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே ஓதத்தில் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தோன்றும். ஆனால் பாக் நீரிணைப் பக்கம் கரை எவ்வளவு தட்டை என்று தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐம்பது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் ஆழம் என்ற சரிவில், தண்ணீர் அரை மீட்டர் ஏறினாலே கரைக்கோடு 25 மீட்டர் உள்ளே வந்துவிடும். கிட்டத்தட்ட ஒரு லேண்ட்சாட் புள்ளி. அரிப்பே இல்லாத இடத்தில் அரிப்பு இருப்பதாகப் படம் காட்டிவிடும். ஒரே மாதத்தில், கிட்டத்தட்ட ஒரே ஓத நிலையில் எடுத்த படங்களைத்தான் ஒப்பிடுவேன் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். மென்பொருள் பட்டியலில் பத்துப் பெயர் போடுவதைவிட அந்த வரிக்கு மதிப்பு அதிகம். ஆண்கடல், பெண்கடல் என்று பெரியவர்கள் மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் பிரித்துச் சொல்வதிலேயே, எந்தக் கடல் எப்போது கொந்தளிக்கும் என்ற கணக்கு இருக்கிறது. அதைப் படத்தின் தேதியோடு பொருத்துவது உங்கள் வேலை.

கணினி இல்லை, நெட் சரியில்லை என்பவர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. அசையாத ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கோயில் சுவர், சர்ச் படிக்கட்டு, கான்கிரீட் மின்கம்பம். அங்கிருந்து, அலை கடைசியாக ஏறிப் பாசியும் சருகும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு வரை டேப் பிடித்து அளந்து, தேதியும் நேரமும் எழுதி, அதே இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுங்கள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஓதம் கூடுதலாக இருக்கும் என்பதால் எந்தத் திதியில் அளந்தோம் என்பதையும் குறித்துவையுங்கள். ஒரு பருவம் முழுக்க இதைச் செய்த நோட்டு கையில் இருந்தால், நேர்காணலில் சொல்வதற்கு உங்களிடம் விஷயம் இருக்கும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பவளத்தை எடுக்காதீர்கள். கரையில் ஒதுங்கிய காய்ந்த துண்டாக இருந்தாலும் எடுக்காதீர்கள். பவளங்களும் கடல் அட்டையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். "தீவில் இறங்கிப் பவள மாதிரி சேகரித்தேன்" என்று அனுபவப் பகுதியில் பெருமையாக எழுதிய விண்ணப்பத்தை நான் பார்த்திருக்கிறேன். தன் மேலேயே வழக்குப் போட எழுதிக் கொடுத்தது மாதிரி அது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைக் காலம் காலமாக வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். நாம் போய் இன்னும் ஒரு துண்டு எடுக்க வேண்டாம்.

சரி, எங்கே விண்ணப்பிப்பது? முதலில் "நாசா இன்டர்ன்ஷிப், உடனே விண்ணப்பியுங்கள்" என்று சுற்றிவரும் ஃபார்வர்டைப் பற்றி. உதாரணத்துக்கு நாசாவின் டெவலப் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1998-இல் தொடங்கியது. மாணவர்களும், வேலைக்குப் புதிதாக வந்தவர்களும் சிறு குழுவாகச் சேர்ந்து, பத்து வாரத்தில், ஓர் உள்ளூர் நிர்வாகத்தின் சிக்கலுக்குச் செயற்கைக்கோள் தரவை வைத்து வழி தேடுவதுதான் அதன் அமைப்பு. அமெரிக்கர்களுக்கும், ஏற்கெனவே முறையான விசாவில் அங்கே இருப்பவர்களுக்குமான திட்டம் அது. உச்சிப்புளியிலிருந்து விண்ணப்பித்துப் போகிற மாதிரி அமைந்தது இல்லை. எந்த அறிவிப்பாக இருந்தாலும் தகுதிப் பகுதியை முதலில் படியுங்கள். தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: செயற்கைக்கோள் படத்தில் முன் அனுபவம் வேண்டும் என்று அவர்கள் கேட்டதில்லை. ஓர் ஊரின் தேவையைப் புரிந்துகொண்டு, குழுவோடு வேலை செய்கிறவர்களைத்தான் தேடினார்கள். நம் ஊர் நிறுவனங்கள் பார்ப்பதும் ஏறக்குறைய அதையேதான்.

இந்தியாவில் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. அதில் புவி அறிவியலும் ஒரு பிரிவு; ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இஸ்ரோ மையங்களில் இன்டர்ன்ஷிப்பும் மாணவர் புராஜெக்ட்டும் உண்டு. புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் சென்னையில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கடலோர ஆராய்ச்சிக்கான தேசிய மையமும், ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையமும் இருக்கின்றன. உங்கள் அப்பா கடலுக்குப் போகுமுன் கேட்கும் அலை எச்சரிக்கைக்கான கணிப்பு இன்காய்ஸிலிருந்துதான் வருகிறது. டேராடூனில் 1966 முதல் இயங்கும் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. விண்ணப்பிக்கும் முன் அதில் ஒன்றை முடித்து வையுங்கள். பக்கத்திலேயே மண்டபத்தில் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஹைதராபாத்துக்கு எழுதுவதற்கு முன் மண்டபத்துக்கு ஒரு பஸ் ஏறலாம்.

படிப்பு முடிந்து ஓரிரு வருடம் ஆனவர்கள், "இடையில் சும்மா இருந்துட்டேன்" என்று வெட்கப்படுகிறார்கள். விசாரித்தால் தனியாரிடம் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவி பிடித்திருப்பார்கள், இல்லையென்றால் போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்க்கும் ஆளோடு மின்தடை மீட்டர் தூக்கியிருப்பார்கள். அது முழுக்க முழுக்க களப்பணி. நான்கு கம்பியை மண்ணில் அடித்து, மின்தடையை வாசித்து, எந்த ஆழத்தில் உப்புத்தண்ணீர் வருகிறது என்று சொன்னவருக்கு, கடலோர நிலத்தடி நீரைப் பற்றிப் பேச முழு உரிமை இருக்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறதே, ஏன்? உப்பு நீரைவிட லேசான மழைநீர் அதன்மேல் மிதந்து நிற்பதால். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடப் புத்தகக் கணக்கு. மேலே அரை மீட்டரை மோட்டார் போட்டு இறைத்தால் கீழே 20 மீட்டர் போய்விடும். உங்கள் வேலை அனுபவத்தை இந்தக் கணக்கோடு சேர்த்து ஒரு பத்தி எழுதுங்கள். எந்தத் தளத்தில், என்ன கருவி, எத்தனை இடம், என்ன கண்டீர்கள் என்று எழுதினால் போதும்.

பரிந்துரைக் கடிதத்துக்குக் கடைசி நாளில் பேராசிரியர் வீட்டு வாசலில் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பே கேளுங்கள். உங்கள் கேள்வி, நீங்கள் செய்த புராஜெக்ட், மதிப்பெண் எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்போதும் அந்த ஒரு பக்கத்தைக் கொடுத்து, "உங்க வார்த்தையில ரெண்டு வரி சேர்த்துக் கொடுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். கல்லூரியின் தடையில்லாச் சான்று, போனஃபைடு இரண்டுக்கும் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டியிருக்கும். விடுமுறை நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் முதலிலேயே பேசிவிடுங்கள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள். இடம் கிடைத்த பிறகு "அவ்வளவு தூரம் தனியா அனுப்ப மாட்டோம்" என்று நின்றுபோனதைப் பார்த்து மனசு ஆறாமல் இருந்திருக்கிறேன். விடுதி உண்டா, உதவித்தொகை உண்டா, பயணச் செலவு யாருடையது என்று அறிவிப்பிலிருந்து எழுதி அம்மா அப்பாவிடம் காட்டுங்கள். வேண்டுமென்றால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். நான் பேசுகிறேன்.

"நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், இடத்தை உறுதிசெய்ய இன்றைக்குள் ஜிபே பண்ணுங்கள்" என்று செய்தி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று பணம் வாங்குகிறவர்களிடமும் அப்படித்தான். அந்தத் தாளைத் தேர்வுக் குழு கணக்கில் எடுக்காது. அறிவிப்பு வந்த இணைய முகவரி அந்த நிறுவனத்தின் சொந்த முகவரிதானா என்று சரிபார்த்து, சந்தேகம் இருந்தால் அலுவலக எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

நம் பக்கம் வடகிழக்கு மழைக்காலத்தில்தான் பல திட்டங்களுக்குக் கடைசித் தேதியும் வரும். பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கடைசி நாள் இரவில் அவர்களின் சர்வரும் திணறும். மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். அனுப்பியதும் வரும் விண்ணப்ப எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முழு விண்ணப்பத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். நேர்காணலுக்கு அழைக்கும்போது நீங்கள் எழுதியதிலிருந்துதான் கேட்பார்கள்.