கோச் தேடும் முன் ஸ்கோர்ஷீட்டை எடுங்கள்

"சார், உங்க ரேட்டிங் என்ன?" பிள்ளைக்குச் செஸ் கோச் தேடி வருகிற பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். ரேட்டிங் என்பது ஒருவருடைய ஆட்ட பலத்தைக் காட்டும் எண். கேட்பதில் தப்பே இல்லை. உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் இணையதளத்தில் யார் பெயரைப் போட்டாலும் அவருடைய ரேட்டிங், பட்டம், பயிற்சியாளர் சான்று இருந்தால் அது, எல்லாமே காசில்லாமல் பார்க்கக் கிடைக்கும். பார்த்துவிட்டே வாருங்கள். ஆனால் நான் திருப்பி ஒன்று கேட்டால்தான் பதில் வருவதில்லை: "தம்பி கடைசியாத் தோத்த மூணு கேமோட ஸ்கோர்ஷீட் இருக்கா?" ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்த்தலையும் ஆடுகிறவரே எழுதிவைக்கும் தாள்தான் ஸ்கோர்ஷீட்.

கோப்பை ஷோகேஸில் இருக்கும். ஸ்கோர்ஷீட் பழைய பேப்பரோடு போயிருக்கும். உங்கள் பிள்ளைக்கு எப்படிப்பட்ட கோச் வேண்டும் என்று எழுதியிருந்த ஒரே காகிதம் அதுதான். அதைப் படிக்காமல் கோச் தேடுவது, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு எந்த டாக்டர் பெரிய டாக்டர் என்று விசாரிப்பது மாதிரி.

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு பையனை அழைத்து வந்தார்கள். ஆறாம் வகுப்பு. ஆன்லைனில் நல்ல ரேட்டிங் உள்ள ஒருவரிடம் கற்றுக்கொண்டிருந்தான். சிசிலியன் நஜ்டார்ஃப் என்கிற ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத் தொடக்க முறையில், பதினைந்து நகர்த்தல்கள் மூச்சுவிடாமல் ஆடுவான். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அவன் ஸ்கோர்ஷீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போர்டில் ஆடிப் பார்த்தோம். ஓப்பனிங்கில் ஒரு ஆட்டமும் போகவில்லை. ஒன்றில் ஒரு சிப்பாய் அதிகம் வைத்துக்கொண்டு கடைசி வரை வந்திருக்கிறான். வெள்ளை ராஜா டி4இல் (எழுத்து போர்டின் நெடுவரிசை, எண் குறுக்கு வரிசை), சிப்பாய் இ2வில், கறுப்பு ராஜா இ6இல். ஆட வேண்டியது இவன். சட்டென்று சிப்பாயை இ4க்குத் தள்ளிவிட்டான். கறுப்பு ராஜா டி6க்கு வந்து எதிரே நின்றுகொண்டது, ஆட்டம் டிரா. சிப்பாயைத் தொடாமல் ராஜாவை இ4க்கு நகர்த்தியிருந்தால் ஜெயம். இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது, யார் நகர வேண்டுமோ அவர்தான் வழிவிட வேண்டும். சிப்பாய் இன்னும் இ2விலேயே இருப்பதால் அவசரத்துக்கு ஒரு நகர்த்தல் கையிருப்பும் உண்டு. என்ட்கேமின், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தின், அரிச்சுவடி இது. அந்தப் பையனிடம் யாருமே இதைச் சொன்னதில்லை.

மற்ற ஆட்டங்களிலும் இதே கதைதான். யானையும் சிப்பாயும் மட்டும் மிஞ்சினால் கை நடுங்கிவிடும். அவனுக்கு வேண்டியது பெரிய பட்டமோ இன்னொரு ஓப்பனிங்கோ இல்லை. போர்டில் நாலைந்து காய்களை மட்டும் வைத்து, ஒரே நிலையை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அலுக்காமல் ஆட வைக்கிற ஒருவர். அப்படி ஒருவர் பெரும்பாலும் உங்கள் ஊரிலேயே, ஏதோ ஒரு பள்ளியில் செஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பார்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் உண்டு. தொண்ணூறு நிமிஷமும், நகர்த்தலுக்கு முப்பது விநாடி கூடுதலும் தரும் டோர்னமென்ட்டில் கால் மணி நேரத்தில் ஆடி முடித்துவிட்டு வெளியே வந்து ஜிகர்தண்டா கேட்பார்கள். குதிரையைச் சும்மா வெட்டக் கொடுத்திருப்பார்கள். இவர்களுக்கு பாடம் நடத்துகிறவர் வேண்டாம். எதிரே உட்கார்ந்து, "நீ இதை ஆடினா நான் என்ன ஆடுவேன்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு, நிதானத்தைப் பழக்குகிறவர் வேண்டும். மொபைலில் மூன்று நிமிஷ ஆட்டத்தைக் குறைக்கச் சொல்லும் தைரியமும் அவருக்கு இருந்தால் நல்லது. பெற்றோரே சொல்லத் தயங்குகிறார்கள்.

ரேட்டிங் விஷயத்துக்கு வருவோம். ஆர்.பி. ரமேஷ் கிராண்ட்மாஸ்டர், பிரிட்டிஷ் சாம்பியனாக இருந்தவர். ஆனாலும் தன் உச்சத்தில்கூட 2600ஐ எட்டியதில்லை. அவரிடம் பயிற்சி பெற்று வளர்ந்த பிரக்ஞானந்தா 2700ஐத் தாண்டிவிட்டார். 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியனான குகேஷுக்கு, அவர் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வளரும் ஆண்டுகளில், சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கம்ப்யூட்டர் எஞ்சினையே காட்டாமல் பழக்கினார். இங்கே சில வகுப்புகளில் ஆட்டம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, "பாரு, இதான் பெஸ்ட் மூவ்" என்று காட்டுவதோடு அலசல் முடிந்துவிடுகிறது. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்த வேலைக்கு ஃபீஸ் எதற்கு? செல்போனே செய்யும்.

கோச்சைப் பார்க்கப் போகும்போது அந்த மூன்று ஸ்கோர்ஷீட்டையும் கையில் கொடுங்கள். அப்புறம் பேசாமல் உட்கார்ந்து கவனியுங்கள். ஆட்டத்தைப் போர்டில் வைத்து, "இங்க என்ன நினைச்ச?" என்று பிள்ளையைக் கேட்கிறாரா, பிள்ளை யோசித்துச் சொல்லும் வரை பொறுக்கிறாரா? அப்படியானால் பாதி வேலை முடிந்தது. ஸ்கோர்ஷீட்டை ஓரமாக வைத்துவிட்டு, தன் மாணவர்கள் வாங்கிய கோப்பைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம். தோற்றதற்குத் திட்டுகிறவர், அடிக்கிறவர் என்றால் டீகூட வேண்டாம். வகுப்பு நடக்கும் அறையில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்பதையும் முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேர்த்தபின் மாதாமாதம் ரேட்டிங்கைப் பார்த்துக் கோச்சை மாற்றாதீர்கள். 18 வயதுக்குள், 2300க்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபிடே கணக்கில் கே மதிப்பு, அதாவது ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத் தீர்மானிக்கும் எண், 40. சம ரேட்டிங் உள்ளவரிடம் ஒரு ஆட்டம் தோற்றால் 20 புள்ளி போகும், ஜெயித்தால் 20 வரும். ஒரு மோசமான டோர்னமென்ட்டில் 80 புள்ளி இறங்குவது சாதாரணம். 2024 மார்ச்சிலிருந்து ரேட்டிங்கே 1400இல்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே போனால் ரேட்டிங் இல்லாதவர் என்றே காட்டும். அதனால் பிள்ளைக்கு ஆட்டமே வராது என்று அர்த்தமில்லை. ஆறு மாதம் கழித்தும் அதே வகைத் தப்பில்தான் தோற்கிறதா என்று ஸ்கோர்ஷீட்டைப் பாருங்கள். அதே தப்பென்றால் கோச்சிடம் பேசுங்கள். புதுத் தப்பென்றால் விட்டுவிடுங்கள், வளர்கிறது.

ஆன்லைனா நேரிலா என்று உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி மதுரை வந்துபோவதிலேயே பிள்ளை களைத்துவிடும் என்றால் ஆன்லைன் சரி. ஆனால் வீட்டில் ஒரு மரப் போர்டும் கடிகாரமும் வாங்கி வையுங்கள். திரையில் மட்டும் பழகிய பிள்ளை டோர்னமென்ட்டில் காயைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்தப் பார்க்கும். நடுவர் வந்து தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பார். அழுகை அங்கே ஆரம்பிக்கும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிட்டயர் ஆனபின் செஸ் கற்க வருகிறவர்களைப் பிள்ளைகள் வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். எட்டு வயதுப் பெண் பன்னிரண்டு நகர்த்தலில் செக்மேட் கொடுத்தால் மறுவாரம் அவர் வரமாட்டார். அவருக்கு ரேட்டிங் வேண்டாம், பேசிக்கொண்டே ஆட ஒரு ஆள் போதும். கோச்சைவிட அவர் வயதில் செஸ் தெரிந்த ஒரு சிநேகிதர் தேவலை.

மே மாதக் கோடை முகாமைப் பற்றிக் கேட்பீர்கள். காய் நகர்த்தவே தெரியாத பிள்ளைக்கு அது நல்ல இடம். கூட்டத்தோடு கூட்டமாகப் பிடித்துப்போகும். ஏற்கெனவே டோர்னமென்ட் ஆடுகிற பிள்ளைக்கு, ஒரு போர்டைச் சுற்றி எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.