உங்கள் இடியை யாரிடம் காட்டினீர்கள்?

ஈரோட்டுப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் சென்ற தை மாதம் என் அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் இரண்டு துண்டறிக்கைகளை விரித்துவைத்தார். இரண்டிலும் மஞ்சளுக்கு மெருகு போடும் டிரம்மின் படம். ஒன்று அவருடையது, மற்றொன்று வேறொருவர் வெளியிட்டது.

"உள்ளே இருக்கும் பட்டைகளின் சாய்வைப் பாருங்கள் மேடம். அப்படியே எடுத்திருக்கிறார்கள். மூன்று வருடம் நான் பட்ட பாடு" என்றார். டிரம் சுற்றும்போது விரலி மஞ்சள் மோதி ஒடியும். ஒடிந்தால் விலை இறங்கும். பட்டைகளைச் சாய்த்துப் பொருத்தி அந்த ஒடிவைக் குறைத்திருந்தார் அவர். நல்ல வேலை. படத்தைப் பார்த்த உடனேயே எனக்குப் புரிந்தது.

ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது, அவருடைய துண்டறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த கண்காட்சித் தேதியை. பதினான்கு மாதங்களுக்கு முந்தைய தேதி. காப்புரிமை விண்ணப்பம் எதுவும் போட்டிருக்கவில்லை.

ஒருவருக்குச் சேரவேண்டிய பெயரையும் கவனத்தையும் இன்னொருவர் முந்திக்கொண்டு தட்டிச்செல்வதை ஆங்கிலத்தில் 'ஸ்டீல் சம்ஒன்ஸ் தண்டர்' என்பார்கள். இன்னொருவரின் இடியைத் திருடுவது. கேட்க விசித்திரமாக இருந்தாலும், இதன் பின்னால் இருப்பது உண்மையான ஓர் இடிச் சத்தம்தான்.

1709ஆம் ஆண்டு லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஜான் டென்னிஸ் என்பவரின் 'அப்பியஸ் அண்ட் வர்ஜீனியா' என்ற நாடகம் மேடையேறியது. அந்தக் காலத்தில் மேடையில் இடி முழங்கவைப்பது ஒரு தனி வித்தை. மரத்தொட்டியில் இரும்புக் குண்டுகளை உருட்டிவிடுவது ஒரு முறை. டென்னிஸ் தன் நாடகத்துக்காகப் புதிய முறை ஒன்றை வகுத்தார். இடி நன்றாக முழங்கியது, நாடகம் ஓடவில்லை. சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். பிறகு அதே அரங்கில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம் பார்க்கப் போனார். அது தொடங்குவதே இடியிலும் மின்னலிலும்தான். முழங்கியது அவருடைய இடி. "என் நாடகம் வேண்டாமாம், என் இடி மட்டும் வேண்டுமாம்!" என்ற பொருளில் அவர் குமுறினார் என்று கதை சொல்கிறது. மரபுத்தொடருக்கு விதை அந்தக் குமுறல்.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் திருடியவர்களைத்தான் திட்டுகிறார்கள். காப்புரிமை முகவரான எனக்கு டென்னிஸை நினைத்துத்தான் மனம் பதறுகிறது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்குப் பதினான்கு ஆண்டு தனியுரிமை தர வழிசெய்யும் சட்டம் இங்கிலாந்தில் 1624லேயே வந்துவிட்டது. நூல்களுக்கான பதிப்புரிமைச் சட்டமோ அவருடைய இடி முழங்கி ஓராண்டு கழித்து, 1710இல்தான் வந்தது. அதுவும் அச்சிட்ட நூலைத்தான் காத்தது. நாடகத்தை மேடையேற்றும் உரிமை எழுதியவருக்குச் சட்டப்படி கிடைக்க 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டென்னிஸின் கையில் எந்தத் தாளும் இல்லை. அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன் இடியை முழங்கவிட்டதுதான் மிச்சம்.

ஈரோட்டுக்காரரும் அதைத்தான் செய்திருந்தார். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 'புதுமை' என்பது கண்டிப்பான சொல். விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுவெளியில் வெளிப்பட்டது புதிதல்ல. வெளிப்படுத்தியவர் நீங்களாகவே இருந்தாலும் அப்படித்தான். யூடியூபில் போட்ட காணொளி, வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளக்கப்படம், கடையில் விற்ற முதல் இயந்திரம், எல்லாமே உங்களுக்கு எதிரான சாட்சிகள். கண்காட்சிக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்கவேண்டும், பன்னிரண்டு மாதங்களுக்குள் விண்ணப்பமும் போடவேண்டும். இவர் போனது ஊரில் நடந்த வணிகக் கண்காட்சி.

"என் பொருளை நான் காட்டியதே எனக்குக் குற்றமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆறுதலாக ஒரு பதில் என்னிடம் இருந்ததே இல்லை.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவு ஆகாது என்பதுதான் என்னை வாட்டுகிறது. முழு ஆவணமும் தயாராக இல்லாதபோது தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பிக்கலாம். இணையவழியில் தனிநபருக்கு அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். புதுமையைப் பார்க்கும்போது அன்றைய தேதியே உங்கள் தேதியாகிவிடும். முழு விவரத்தைத் தர அதிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் அவகாசம் உண்டு. அதற்குமுன் யாரிடமாவது காட்டியே தீரவேண்டும் என்றால், வார்ப்படக்காரராக இருந்தாலும் வங்கி மேலாளராக இருந்தாலும், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுக் காட்டுங்கள். சொந்தக்காரரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

எழுந்து போகும்போது அவர் வாசலில் நின்றார். தூசி வெளியேறும் வழியை இப்போது மாற்றியிருப்பதாகவும், மஞ்சள் தூள் காற்றில் பறக்காமல் பையில் சேர்வதாகவும் சொன்னார்.

"இது துண்டறிக்கையில் இருக்கிறதா?"

"இல்லை."

"யாரிடமாவது காட்டினீர்களா?"

"மருமகன் மட்டும் பார்த்திருக்கிறார். அடுத்த மாதக் கண்காட்சிக்கு இடம் பதிவு செய்திருக்கிறேன்."

மறுபடியும் உட்காரச் சொன்னேன். வெள்ளைத்தாளை நீட்டியதும் பென்சிலால் வரைய ஆரம்பித்தார். மருமகனிடமும் கையெழுத்து வாங்கினோம். அந்த வாரமே கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்துக்கு இணையவழியில் விண்ணப்பம் போனது. டிரம், தூசிக்குழாய், பை எல்லாம் அதில் இருந்தன. பட்டைகளின் சாய்வுக்கு மட்டும் உரிமை கோர முடியவில்லை.