குடலைத் தாண்டாத மஞ்சள்

வேட்டியில் பட்ட மஞ்சள் கறை தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போவதில்லை. சோப்புப் பட்டதும் சிவக்கிறது. நீரில் கரையாமையும் காரம் பட்டால் நிறம் மாறுவதும் குர்க்குமின் என்னும் நிறமியின் குணங்கள். 1815-இல் மஞ்சளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பொருளை மருந்தாக்க முயன்றவர்களை அந்தக் கரையாமைதான் வெகுவாகச் சோதித்தது. விழுங்கியதில் சொற்பமே குடற்சுவரைக் கடக்கிறது. கடந்ததையும் குடற்சுவரும் கல்லீரலும் விரைவில் வேறு சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன.

ஆனால் நோயே பெருங்குடலின் உட்சுவரில் இருந்தால், இந்தக் குறை அனுகூலமாகலாம். ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு வரும் அல்சரேட்டிவ் கொலைடிஸ் அத்தகைய நோய். அதில், செல்லுக்குள் வழக்கமாகக் கட்டுண்டு கிடக்கும் என்.எஃப். கப்பா-பி என்ற புரதம், கட்டு அறுபட்டு உட்கருவுக்குள் நுழைந்து, அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். முதலிய புரதங்களை உருவாக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்தக் கட்டை அறுக்கும் நொதியைக் குர்க்குமின் தடுப்பதை ஆய்வகச் செல்களில் கண்டிருக்கிறார்கள்.

ஆய்வகத்தில் பலிப்பதெல்லாம் மனிதரிடம் பலிப்பதில்லை என்பதால், நோயாளிகளிடம் நடந்த சோதனைகளே முக்கியம். ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நோய் தணிந்திருந்த 89 பேர் வழக்கமான மருந்தோடு தினம் 2 கிராம் குர்க்குமினோ போலி மாத்திரையோ எடுத்துக்கொண்டனர். ஆறு மாதத்தில் நோய் திரும்பியது முதல் பிரிவில் சுமார் 5 சதவீதத்தினருக்கு. மற்றதில் 20 சதவீதத்தினருக்கு. 2015-இல் வெளியான இன்னொரு ஆய்வில், இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் மெசலமைன் என்ற மருந்து மட்டும் போதாதிருந்த 50 பேரில், கூடவே தினம் 3 கிராம் குர்க்குமின் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஒரே மாதத்தில் நோய் தணிந்தது. போலி மாத்திரை பெற்ற எவருக்கும் தணியவில்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தாம். டெல்லி எய்ம்ஸ் தினம் 450 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோதோ பலன் கிடைக்கவில்லை.

மஞ்சள்தூளில் குர்க்குமின் ஏறக்குறைய 3 சதவீதமே. அப்படியானால், தோற்றுப்போன அந்த 450 மில்லிகிராமுக்கே 15 கிராம் தூள், அதாவது ஐந்து தேக்கரண்டி, வேண்டும். 3 கிராமுக்கு 100 கிராம் வேண்டும். சாம்பாரில் போடும் சிட்டிகை இந்தக் கணக்கிலேயே வராது.

கடைகளில் மிளகின் பைப்பரின் சேர்த்த மாத்திரைகளும் கிடைக்கின்றன. பைப்பரின் குர்க்குமினை ரத்தத்தில் கூடுதலாகச் சேர்ப்பது; பெருங்குடலுக்கோ அது குடலிலேயே தங்குவதுதான் தேவை என்பதால், இந்தச் சேர்க்கை எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. போதாக்குறைக்கு, இத்தகைய மாத்திரைகளை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.