பாயாமல் நிற்கும் நாய்க்குட்டி

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில், பைன் மரங்களும் உயரப் புல்லும் கலந்த காடுகளில், பாப்வைட் என்ற காடையைத் தேடிப் போகிறவர்கள் பாயிண்டர், செட்டர் வகை நாய்களைக் கூட்டிப்போவார்கள். நாய் காற்றை மோந்தபடி ஓடும், திடீரென்று நிற்கும். ஒரு முன்னங்கால் தூக்கியபடி, வால் விறைத்து, மூக்கு காடை இருக்கும் பக்கம் திரும்பியிருக்கும். வேட்டைக்காரர் நடந்து வந்து பறவையைக் கிளப்பும் வரை அசையாது. இதை எப்படிப் பழக்குகிறார்கள் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். அந்த நிற்றலை யாரும் பழக்குவதில்லை. ஏழெட்டு வாரக் குட்டி முன்னால் தூண்டில் கம்பில் ஒரு காடைச் சிறகைக் கட்டி ஆட்டிப் பாருங்கள். சில தடவை துரத்தும், பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் தானாகவே உறைந்து நின்றுவிடும்.

இது எங்கிருந்து வருகிறது? ஓநாயின் வேட்டை ஒரு வரிசையில் நடக்கும்: தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது. பாய்வதற்கு முன்னால் பல வேட்டை விலங்குகளும் ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தைப் பல தலைமுறை இனப்பெருக்கத்தில் நிமிடக் கணக்குக்கு நீட்டியதுதான் பாயிண்டர். ஐரோப்பாவில் துப்பாக்கி பரவுவதற்கு முன்னாலேயே இது தொடங்கிவிட்டது. நாய் படுத்துக் காட்டிய இடத்தில் வலையை வீசிப் பறவைக் கூட்டத்தை அமுக்குவார்கள், அதனால் அசையாத நாய்க்கே மதிப்பு. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள், அவற்றில் ஆட்கள் தேடியது வேகத்தை, அதனால் அதே வரிசையில் துரத்தல் என்ற படிதான் அங்கே வளர்ந்தது. 2015-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், சுட்டி நிற்கும் இனங்களையும் ஆடு மேய்க்கும் இனங்களையும் மரபணு அளவில் ஒப்பிட்டு, 22-ஆம் குரோமோசோமில் இந்தக் குணத்தோடு தொடர்புள்ள ஒரு பகுதியைக் காட்டினார்கள். அது ஒன்றே எல்லாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நடத்தை என்பது பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை.

அதனால் குட்டி வளர்ப்பு பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது. சான்றிதழில் எத்தனை சாம்பியன் பெயர் இருக்கிறது என்பதை விட, தாயும் தகப்பனும் களத்தில் எப்படி ஓடுகின்றன என்று நேரில் பார்ப்பதுதான் என் கணக்கில் முக்கியம். டென்னஸியில் கிராண்ட் ஜங்ஷன் பக்கம் நடந்துவந்த தேசியப் போட்டியில் ஒரு நாய் மூன்று மணி நேரம் ஓட வேண்டும், மூக்கோடு உடம்பும் மனசும் தாங்குகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அப்புறம் நோய்கள். நல்ல நாயின் குணத்தை நிலைநிறுத்த நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர்க்கிறார்கள், அப்படிச் செய்யும்போது ஒளிந்திருக்கும் கெட்ட மரபணுவும் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும். ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயிண்டரில் பகல்குருடு ஒன்று உண்டு, விழித்திரையின் கூம்பு செல்கள் செயலிழந்து வெயிலில் கண் தெரியாது. பெற்றோர் இரண்டும் அந்தக் குறையைச் சுமந்தால், அவை இரண்டும் பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் சராசரியாக நாலில் ஒரு குட்டிக்கு நோய் வரும். ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தால் இது முன்பே தெரிந்துவிடும், அதைச் செய்யாமல் குட்டி விற்பது பெரிய தப்பு.

சினைக்காலம் கருமுட்டை வெளிப்பட்டதிலிருந்து ஏறக்குறைய 63 நாள். எந்த நாளில் இணை சேர்க்கலாம் என்பதை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதைப் பார்த்துக் கணிக்கிறார்கள். நாய்க்கு முட்டை வெளியே வந்த உடனே கரு பிடிக்காது, முதிர இரண்டு நாள் போல ஆகும். பாசத்தில் சினை நாய்க்குக் கால்சியம் டானிக் ஊற்றுகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை உடம்பு நிறுத்திவிடும், குட்டி போட்டுப் பால் சுரக்கும்போது திடீரென்று தட்டுப்பாடு வந்து வலிப்பு வரலாம். உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் குட்டி போடும்.

பிறந்த குட்டிக்குக் கண்ணும் திறக்காது, காதும் கேட்காது, குளிரில் நடுங்கி உடம்பைச் சூடாக்கவும் தெரியாது. அதனால் முதல் வாரம் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி வரை வேண்டும். சீம்பாலில் வரும் எதிர்ப்புப் பொருளைக் குடல் உள்வாங்குவது முதல் நாளில் மட்டும்தான். ஆனால் மூக்கு வேலை செய்கிறது, அதுவும் பிறப்பதற்கு முன்பிருந்தே! பெல்ஃபாஸ்ட் ஆய்வாளர்கள் 2006-இல் சினை நாய்களுக்குச் சோம்பு வாசனையுள்ள உணவு கொடுத்தார்கள். அந்தக் குட்டிகள், தாய்ப்பாலில் அந்த வாசனை வருவதற்கு முன்பே, சோம்பு வாசனைப் பக்கம் திரும்பின.

இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்றாவது வாரம் காது கேட்கும், அதிலிருந்து பன்னிரண்டு வாரம் வரைதான் உண்மையான பள்ளிக்கூடம். 1961-இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதரைத் தொடாமல் வேலிக்குள் வளர்ந்த குட்டிகளில், பதினாலு வாரம் வரை அப்படியே இருந்தவை கிட்டத்தட்டக் காட்டு விலங்கு போல விலகி நின்றன. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் தடுப்பூசியையும் முறித்துவிடும், அது எப்போது குறையும் என்பது ஒவ்வொரு குட்டிக்கும் வேறு, அதனால்தான் ஆறெட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறு வாரம் வரை திரும்பத் திரும்ப ஊசி போடுகிறார்கள். அது முடியட்டும் என்று குட்டியைப் பூட்டி வைத்தால் பழகும் காலம் போய்விடும், தெருவில் விட்டால் பார்வோ என்ற வைரஸ் நோய் பிடிக்கலாம். ஊசி போட்ட நாய்களோடு சேர்த்து, சுத்தமான புல்வெளி, வண்டிச் சத்தம், குழந்தைகள், தண்ணீர் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவதே சரி.

சிறகு விளையாட்டைச் சில நாளோடு நிறுத்திவிட வேண்டும். அது கண்ணால் பார்த்து நிற்பது, நமக்குத் தேவை மூக்கால் நிற்பது. நாய்க்கு 20 கோடிக்கும் மேல் வாசனை ஏற்பி செல்கள், மனிதருக்குச் சில பத்து லட்சங்கள்தான். அது உள்ளே இழுக்கும் காற்றில் எட்டில் ஒரு பங்கு போலத் தனி வழியில் மூக்கின் பின்புறத்துக்குப் போகிறது, மூச்சு விடும்போது பக்கவாட்டுப் பிளவு வழியே வெளியேறுவதால் முன்னால் இருக்கும் வாசனை கலையாது. வாயைத் திறந்து இரைக்கும் நாய் இப்படி மோப்பம் பிடிக்க முடியாது, அதனால் காலைக் குளிரிலேயே குட்டியைக் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பறவையைக் காட்டும் கட்டத்தில்தான் நிறையக் குட்டிகள் கெட்டுப்போகின்றன. காட்டுக் காடை தன் உடல் நிறத்தை நம்பிப் புல்லில் பதுங்கியே இருக்கும், நாய் ஓரளவுக்கு மேல் நெருங்கினால்தான் பறக்கும். குட்டி ஒரு அடி கூடுதலாக வைத்தால் பறவை போய்விடுகிறது, நின்றால் வாசனை இருந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுப்பது பறவையே. கூண்டில் வளர்ந்து சரியாகப் பறக்கத் தெரியாத காடையைப் போட்டால் குட்டி பாய்ந்து பிடித்துவிடும், பாய்ந்தால் லாபம் என்று ஒரே நாளில் கற்றுக்கொள்ளும். அதற்காகவே ரிமோட்டில் திறக்கும் பெட்டிக்குள் புறாவை வைத்து, குட்டி வாசனை பிடித்த பிறகும் முன்னால் நகர்ந்தால் அந்தக் கணமே திறந்துவிடுகிறார்கள். புறா தன் கூண்டுக்குத் திரும்பிப் பறந்துவிடும். வாயால் அதட்டுவதும் கயிற்றை இழுப்பதும் இந்தக் கட்டத்தில் வேண்டாம், பறவை வாசனை வந்தாலே திட்டு விழும் என்று குட்டி சேர்த்துப் புரிந்துகொண்டால் பறவையை விட்டே விலகும்.

துப்பாக்கி கடைசியில். குட்டி பறவை மேல் பித்தாகத் துரத்துகிற காலம் வந்த பிறகு, அது ஓடிக்கொண்டிருக்கும்போது தொலைவில் ஒருவர் சின்ன சத்தத் துப்பாக்கியைச் சுடுவார். காது விறைக்காமல் அது துரத்தலைத் தொடர்ந்தால் வேறொரு நாள் கொஞ்சம் கிட்டே. குட்டி பயப்படுமா என்று பார்க்கத் தலைக்கு மேல் சுட்டுச் சோதிப்பது மாதிரி கேடு வேறில்லை, அப்படி வந்த வெடிப் பயத்தைப் போக்குவது ரொம்பக் கடினம். பறவை பறந்தாலும் வெடி வெடித்தாலும் அசையாமல் நிற்பது என்ற கண்டிப்பான பயிற்சியை முதல் வேட்டைப் பருவம் முடிந்த பிறகே பலரும் தொடங்குகிறார்கள். இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துச் சான்று வாங்க அமெரிக்காவில் இரண்டு வயது ஆக வேண்டும், அதற்குள் களத்தில் நாய் எப்படிப்பட்டது என்றும் தெரிந்திருக்கும், அது வரை அதற்கு இணை தேட வேண்டியதில்லை.