45 வயதில் தேய்ந்த முழங்கால்: ஒட்டுப்போடுவதா, கோணத்தைத் திருத்துவதா?

எழுபது வயதில் ஒருவருக்குப் பொருத்தும் செயற்கை முழங்கால் பெரும்பாலும் அவர் ஆயுளுக்குப் போதும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பொருத்திக்கொள்ளும் ஆண்களிலோ ஏறக்குறைய 35 சதவீதம் பேருக்கு வாழ்நாளுக்குள் மறு அறுவை தேவைப்படலாம் என்று 2017-இல் 'லான்செட்' இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு கணக்கிட்டது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது 5 சதவீதம் அளவுதான். மறு அறுவையின்போது பிடிமானத்துக்கு எலும்பு குறைந்திருக்கும், பலனும் முதல் தடவை போல இருக்காது. அதனால்தான் நாற்பதுகளில் வலியோடு வருபவரிடம், மாற்று அறுவையை எப்படித் தள்ளிப்போடலாம் என்ற பேச்சு முதலில் வருகிறது. வழிகள் இருக்கின்றன. ஆனால் விளம்பரங்களில் அதிகம் அடிபடும் குருத்தெலும்பு ஒட்டு, தேய்மானம் உள்ள பெரும்பாலானோருக்குப் பொருந்தாத வழி.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான உறையே குருத்தெலும்பு. முழங்காலில் அது பல இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். முக்கால் பங்கு வரை தண்ணீர்; மீதி, இரண்டாம் வகை கொலாஜன் இழைகளும் அவற்றுக்கிடையே தண்ணீரைப் பிடித்து வைக்கும் புரத-சர்க்கரை மூலக்கூறுகளும். உயிரணுக்கள் மொத்தக் கன அளவில் சில சதவீதமே. ரத்தக்குழாய் கிடையாது. அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைந்தால்தான் ஆறும் வேலை தொடங்கும். இங்கே உறைய ரத்தமே இல்லை. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு சீராவதில்லை என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே எழுதிவிட்டார்.

அப்படியானால் ரத்தத்தை அங்கே வரவழைக்கலாமே என்பதுதான் நுண்துளை முறை. 1980-களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் இதைப் பரவலாக்கினார். குருத்தெலும்பு போய்விட்ட பள்ளத்தைச் சுற்றியுள்ள தளர்ந்த விளிம்புகளைச் சுரண்டி, சுவர் செங்குத்தாக நிற்கும்படி செய்கிறார்கள். அடியில் படிந்திருக்கும் சுண்ணாம்பேறிய படலத்தையும் எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் ரத்த உறைவு ஒட்டாது. பிறகு கூரான ஊசிக்கருவியால் 3–4 மி.மீ. இடைவெளியில், 2–4 மி.மீ. ஆழத்துக்குத் துளைகள். மூட்டுக்குள் பாயும் நீரின் அழுத்தத்தைக் குறைத்ததும், ஒவ்வொரு துளையிலிருந்தும் கொழுப்புத் துளிகளும் ரத்தமும் கசிவது மூட்டுக்குள் நுழைத்த கேமராவின் திரையில் தெரியும். தெரியவில்லை என்றால் ஆழம் போதவில்லை. துளைகளை நெருக்கிப் போட்டால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து எலும்புத் தளமே உடையும்.

மஜ்ஜையிலிருந்து வந்த செல்கள் பள்ளத்தை நிரப்பும். ஆனால் உருவாவது தழும்பைப் போன்ற நார்க் குருத்தெலும்பு. அதில் முதலாம் வகை கொலாஜன்தான் அதிகம். 2 சதுர செ.மீ.க்குள் உள்ள பள்ளங்களில் நல்ல பலன் கிடைக்கும், ஆனாலும் சில ஆண்டுகளில் பலருக்கு அது மங்குகிறது. துளையிட்ட எலும்பு இறுகிப்போவதால், பின்னாளில் அதே இடத்தில், கீழே வரும் செல் வளர்ப்பு முறையைச் செய்தால் தோல்வி வாய்ப்பும் கூடுகிறது. 'சின்ன சிகிச்சைதானே, முதலில் இதைச் செய்து பார்ப்போம்' என்பது எப்போதும் நல்ல யோசனை அல்ல.

ஹங்கேரியின் லாஸ்லோ ஹங்கொடி 1990-களில் வளர்த்தெடுத்த மொசைக் முறையில், பாரம் அதிகம் விழாத ஓரத்திலிருந்து எலும்போடு சேர்த்துச் சின்னச் சின்ன உருளைகளை எடுத்துப் பள்ளத்தில் நடுகிறார்கள். கிடைப்பது அசல் குருத்தெலும்பு. எடுக்கும் இடத்துக்கு எல்லை உண்டு என்பதால் 4 சதுர செ.மீ.க்கு மேல் போவது கடினம். உருளை மட்டத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் துருத்தினாலும் முழு அழுத்தமும் அதன் தலையில் விழும்.

செல் வளர்ப்பு முறை ஸ்வீடனின் கோதன்பர்க்கில் பிறந்தது. 200–300 மில்லிகிராம் குருத்தெலும்பைக் கிள்ளி எடுத்து, ஆய்வகத்தில் சில வாரங்கள் வளர்த்து, இரண்டாவது அறுவையில் பள்ளத்தில் வைப்பார்கள். இப்போது கொலாஜன் சவ்வில் விதைத்தே ஒட்டிவிடுகிறார்கள். 1994-இல் வெளியான முதல் அறிக்கையில் இருந்தவர்கள் 23 பேர். தொடை எலும்பில் பள்ளம் இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லில் இருந்த 7 பேரில் 2 பேருக்கு மட்டும். அதே செல், அதே கைகள். சில்லு தன் தடத்தில் நேராக ஓடுகிறதா என்பதையும் சேர்த்துச் சரிசெய்யத் தொடங்கிய பிறகே அங்கே முடிவுகள் தேறின.

மேலே சொன்ன மூன்றும், சுற்றிலும் நல்ல சுவர் உள்ள, எதிர்ப்பக்கம் சேதமில்லாத பள்ளத்துக்கானவை. மேலும் கீழும் எலும்போடு எலும்பு உரசும் தேய்மானத்தில் ஒட்டு நிற்காது. கால் வில் போல வளைந்து பாரம் முழங்காலின் உட்பக்கம் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். அலைன்மென்ட் கெட்ட வண்டிக்குப் புது டயர் போட்டால் அதுவும் அதே பக்கம்தான் தேயும்.

நம் ஊரில் அதிகம் காண்பதும் இந்த உட்பக்கத் தேய்மானமே. இதற்கு ஏற்றது, எலும்பை அறுத்துக் காலின் வளைவைச் சரிசெய்யும் கோணத் திருத்த அறுவை. முதலில் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, நின்றபடி ஒரு முழுநீள எக்ஸ்-ரே. படுத்து எடுத்த எம்.ஆர்.ஐ. மட்டும் வைத்து இதைத் திட்டமிட முடியாது. இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்கால் மையத்துக்குக் கோடு போட்டால், வளைந்த காலில் அது முழங்காலின் உள்விளிம்பை ஒட்டிப் போகும். அதை உள்விளிம்பிலிருந்து 62 சதவீதத் தூரம் வரை வெளிப்பக்கம் நகர்த்துவது பழைய இலக்கு. இப்போது பலர் அதைவிடச் சற்றுக் குறைவாகவே நிறுத்துகிறார்கள்.

மூட்டுக்குச் சுமார் 4 செ.மீ. கீழே, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பான டிபியாவை உட்பக்கத்திலிருந்து, வெளிப்பக்கமுள்ள மெல்லிய எலும்பான ஃபிபுலாவின் தலையை நோக்கி அறுப்பார்கள். வெளிப்பக்கம் ஏறத்தாழ ஒரு செ.மீ. அறுக்காமல் விட வேண்டும், அதுதான் கீல். உளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி, அவசரமில்லாமல் சில நிமிடங்களில் இடைவெளியைத் திறக்கிறார்கள். அவசரப்பட்டால் கீல் உடையும். முன்பக்க இடைவெளி பின்பக்கத்தில் பாதியளவு இருப்பது நல்லது. இரண்டும் சமமாகத் திறந்தால் எலும்பின் சரிவு கூடி, கால் முழுதாக நீளாமல் போகும். பிறகு பூட்டுத் திருகுகளோடு ஓர் உலோக பிளேட்டைப் பொருத்தி இடைவெளியை நிலைநிறுத்துகிறார்கள். சுமார் 10 மி.மீ. வரையான இடைவெளி பெரும்பாலும் தானே எலும்பால் நிரம்பும். ஆறு வாரத்தில் பலர் முழுப் பாரம் ஊன்றுகிறார்கள்.

வெளிப்பக்கக் குருத்தெலும்பும் மெனிஸ்கஸும் (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் பிறைவடிவத் தட்டு) நன்றாக இருப்பவர்களுக்கே இது. முடக்குவாதத்தில் மூட்டு முழுதும் அழற்சி இருப்பதால் பயனில்லை. புகைபிடிப்பவருக்கு எலும்பு சேர்வது தாமதமாகும். சில மருத்துவர்கள் நிறுத்தினால்தான் தேதி கொடுக்கிறார்கள், அது நியாயமே. ஊசிகளைப் பொறுத்தவரை, 2021-இல் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த சோதனையில் பி.ஆர்.பி. ஊசி (நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் செறிந்த திரவம்) ஓராண்டு முடிவில் வெறும் உப்புநீர் ஊசியைவிட மேலாக இல்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது. இது அறுவைக்கு முன்னும் பின்னும் பொருந்தும்.

கோணத் திருத்தத்தால் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ மாற்று அறுவையைத் தள்ளிப்போட்டவர்கள் நிறைய. பிறகு தேவைப்பட்டால் பிளேட்டைக் கழற்றிவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தலாம். ஆனால் முதல் முறையில் கோணத்தை அளவுக்கு மீறித் திருத்தியிருந்தால் அந்த அறுவை கடினமாகும்.