ட்ரோனில் சென்சார்: எந்தப் பக்கத்துக்குக் காசு கொடுக்கிறோம்?

கல்யாண வீடியோ எடுப்பவர்கள் ட்ரோன் வாங்கப் போனால் தவறாமல் கேட்பது, "சென்சார் இருக்கா?" கடைக்காரரும் "இருக்கு" என்பார். அது பொய்யில்லை. அடியில் தரையைப் பார்க்கும் சென்சார் இன்று ஏறக்குறைய எல்லா கேமரா ட்ரோனிலும் உண்டு. நிலையாக மிதக்கவும் மெதுவாக இறங்கவும் அது உதவும். தென்னை மட்டையில் மோதாமல் காப்பது அதன் வேலையில்லை. ஆகவே எந்தெந்தப் பக்கம் பார்க்கும், எவ்வளவு தூரம் பார்க்கும், எந்த வேகம் வரை, எவ்வளவு வெளிச்சத்தில் என்று பிரித்துக் கேளுங்கள்.

மனிதர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே பறப்பவருக்கு நாலாபக்க சென்சார் (எல்லாப் பக்கமும் தடையைப் பார்த்து ட்ரோனை நிறுத்துவது) கொடுக்கும் காசுக்குத் தகும் என்பதே எங்கள் கருத்து. அதன் பயன் பெரும்பாலும் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும்தான் இருக்கிறது. முன்னால் என்ன இருக்கிறது என்பது ரிமோட் திரையிலேயே தெரிந்துவிடும். கல்யாண வேலையில் கேட்கப்படும் ஷாட்கள் வேறு மாதிரி. ஜோடியின் முகத்தில் தொடங்கி, பின்வாங்கிக்கொண்டே உயர்ந்து மண்டபம் முழுவதையும் காட்டும் ரிவீல். ஜோடியைச் சுற்றி வரும் ஆர்பிட். ஊர்வலக் காருக்கு இணையாகப் பக்கவாட்டில் பறக்கும் ஷாட். இவை எல்லாவற்றிலும் கேமரா ஒரு திசையைப் பார்க்கிறது, ட்ரோன் வேறு திசையில் போகிறது. பைலட்டின் கண் ஃபிரேமில் இருக்கும் நேரத்தில் ட்ரோனின் முதுகுப் பக்கம் வேப்பமரக் கிளை வந்து நிற்கும்.

டிஜேஐ நிறுவனத்தின் மாடல் பெயர்கள் இங்கே நன்றாகக் குழப்பும். 2016-இல் வந்த ஃபாண்டம் 4 முன்பக்கத் தடையைப் பார்த்து நின்றது. 2018-இல் வந்த மேவிக் 2-இல் எல்லாப் பக்கமும் சென்சார் இருந்தாலும், பக்கவாட்டுச் சென்சார்கள் ஆளைப் பின்தொடரும் மோடிலும் மெதுவாகப் பறக்கும் ட்ரைபாட் மோடிலும் மட்டுமே விழித்திருக்கும். சாதாரணமாகப் பக்கவாட்டில் பறந்தால் அவை உதவாது. மினி 2, மினி 3 இரண்டிலும் அடிச் சென்சார் மட்டும். மினி 3 ப்ரோவில் முன், பின், அடி மூன்றிலும் உண்டு, பக்கவாட்டில் இல்லை. மினி, ஏர் வரிசைகளில் எல்லாத் திசைகளும் வந்தது மினி 4 ப்ரோ, ஏர் 3 ஆகிய 2023 மாடல்களில்தான். மினி 4கே என்ற பெயரில் 4 இருப்பதைப் பார்த்து, அதை மினி 4 ப்ரோவுக்குத் தம்பி என்று நினைத்து வாங்குகிறார்கள். அதில் அடிச் சென்சார் மட்டும்தான்.

சென்சார் எப்படிப் பார்க்கிறது

மூக்குக்கு நேரே ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். விரல் அருகில் வர வரத் தாவல் பெரிதாகும். ட்ரோனின் பார்வைச் சென்சாரும் இப்படித்தான். இரண்டு சிறிய கேமராக்கள் ஒரே காட்சியை எடுக்கும். ஒரு புள்ளி முதல் படத்தில் எங்கே, இரண்டாவது படத்தில் எங்கே என்று பொருத்திப் பார்த்து, தாவலை அளந்து, தூரத்தைக் கணக்கிடும்.

பொருத்துவதற்கு அடையாளம் வேண்டும். செங்கல் சுவர், இலை அடர்ந்த மாமரம், லாரி, மனிதர் என்றால் புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் இருக்கும், நன்றாகத் தெரியும். சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரும், ஒரே நிறப் பந்தல் துணியும், மண்டப முகப்புக் கண்ணாடியும், ஏரித் தண்ணீரும் அதற்குக் கிட்டத்தட்ட வெற்றிடம். கண்ணாடியில் தெரியும் வானத்தைத் திறந்த வழி என்று எடுத்துக்கொள்ளவும் கூடும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒயர். அதற்கு இரண்டு காரணங்கள். சென்சார் கேமராக்கள் படம் எடுக்கும் மெயின் கேமராவைப் போலத் தெளிவானவை அல்ல. 10 மீட்டர் தள்ளி இருக்கும் விரல் பருமன் ஒயர் அந்தப் படத்தில் ஒரு பிக்சலைக்கூட முழுதாக நிரப்பாமல் போகலாம். இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. இரு கேமராக்களும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருந்தால், அவற்றுக்கு இணையாகக் கிடைமட்டமாக ஓடும் கம்பியில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோலவே இருக்கும். எந்தப் புள்ளியை எதோடு பொருத்துவது? தாவல் தெரியாது, தூரமும் கிடைக்காது. நம் தெருக்களில் குறுக்கே போகும் கரன்ட் கம்பி, கேபிள் டிவி ஒயர், சீரியல் லைட் கட்டிய கயிறு எல்லாம் கிடைமட்டமாகத்தான் ஓடுகின்றன. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒயரைச் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிப் பறக்காதீர்கள்.

ஒயரைக் கண்ணால் தேடுவதும் பலன் தராது. கம்பத்தைத் தேடுங்கள். இரண்டு கம்பம் தெரிந்தால் நடுவே கம்பி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடக்க வேண்டியிருந்தால் நடுவில் கடக்காமல் ஒரு கம்பத்துக்கு நேர் மேலே கடங்கள். கம்பத்தின் உச்சி கண்ணுக்குத் தெரியும், கம்பி அதற்கு மேலே போக வழியில்லை. எச்டி (உயர் அழுத்த மின்சார) லைன் டவரில் எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எர்த் கம்பி ஒன்று ஓடும். தடித்த கம்பிகளைப் பார்த்து உயரம் வைத்தால் இதில் மாட்டும். அதனால் டவர் உச்சியையே அளவாகக் கொள்ளுங்கள். செல்போன் டவர்களின் ஸ்டே கம்பியும் இப்படித்தான். டவரிலிருந்து தள்ளித் தள்ளி, சரிந்து தரைக்கு வரும்.

இலையுதிர்ந்த முருங்கைக் கிளை, தென்னை மட்டையின் நுனி, பட்டத்து நூல் ஆகியவையும் இதே வரிசை. தென்னையின் கொண்டை சென்சாருக்குத் தெரியும். அதிலிருந்து வெளியே நீண்டு காற்றில் ஆடும் ஓலைக்கீற்று தெரியாமல் போகலாம். தென்னந்தோப்பில் மரத்துக்கும் ட்ரோனுக்கும் குறைந்தது 5 மீட்டர் விடுங்கள்.

முகூர்த்த நேரத்து இருட்டு

மினி 4 ப்ரோ, ஏர் 3 போன்றவற்றின் பார்வைச் சென்சார்களுக்கு 15 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டும் என்று கையேடே சொல்கிறது. நம் ஊரில் சூரியன் மறைந்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் திறந்தவெளி வெளிச்சம் இந்த அளவுக்குக் கீழே போய்விடும். மெயின் கேமரா ஐஎஸ்ஓவை (ஒளியை உணரும் திறனை) ஏற்றிக்கொண்டு திரையில் பளிச்சென்று காட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துச் சென்சாரும் வேலை செய்கிறது என்று நினைப்பதில்தான் ஆபத்து. விடியற்காலை முகூர்த்தம், மாலை ரிசப்ஷன் என்று கல்யாணத்தின் முக்கிய நேரங்கள் இரண்டும் இந்த இருட்டுக்குள்தான் வருகின்றன. அந்த நேரத்தில் எல்லாப் பக்கமும் சென்சார் உள்ள ட்ரோனும் சென்சாரே இல்லாத ட்ரோனும் ஒன்றுதான். வெளிச்சம் போதாதபோது ஆப்பில் எச்சரிக்கை வரும். அதை மூடிவிட்டுத் தொடராதீர்கள். இருட்டில் எடுக்க வேண்டிய ஷாட்டை நேராக மேலே ஏறி நேராகக் கீழே இறங்கும் டாப் ஷாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏறும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

2024-இல் வந்த ஏர் 3எஸ்-இல் முன்பக்கம் லைடார் இருக்கிறது. அது தானே ஒளி வீசித் தூரம் அளப்பதால் இருட்டிலும் முன்னே பார்க்கும். இருட்டில் அதிகம் வேலை செய்பவர்களுக்கு அது உண்மையான முன்னேற்றம். ஆனால் லைடார் முன்பக்கத்தில் மட்டும்தான். பின்வாங்கும் ஷாட்டுக்கு அது உதவாது.

எதிர்வெயில் சென்சாரில் நேராக விழுந்தாலும் குழம்பும். அங்கே ஒன்றும் இல்லாமலே பிரேக் போடும். ஊர்வலப் பட்டாசுப் புகையைச் சுவர் என்று எண்ணி நிற்கும். விரல்ரேகை படிந்த சென்சார் கண்ணாடியும் இதையே செய்யும். லென்ஸ் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் அந்தச் சின்னக் கண்ணாடிகளையும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

வேகமும் மோடும்

வேகமாகப் பறப்பதற்கான ஸ்போர்ட் மோடுக்கு மாற்றியதும் தடை உணர்தல் அணைந்துவிடும். இதைத் தெரிந்தவர்களும் அவசரத்தில் மறக்கிறார்கள். ரிமோட்டில் சுவிட்ச் கை பட்டு நகர்ந்திருக்கலாம். பறக்கும் முன் திரையின் மேல்வரிசையில் எந்த மோட் என்று பாருங்கள். ஸ்போர்ட் மோடில் காற்றில்லாத நேரத்திலேயே நிற்க 30 மீட்டர் விடச் சொல்கிறது கையேடு. மினி 4 ப்ரோ அந்த மோடில் விநாடிக்கு 16 மீட்டர் வரை போகும். கண் பார்த்து விரல் ஸ்டிக்கை விட ஒரு விநாடி ஆனால் இன்னும் 16 மீட்டர். ஆக 46 மீட்டர். ஒரு மண்டப வளாகத்தில் அவ்வளவு வெற்றிடம் கிடைப்பது அபூர்வம்.

நார்மல் மோடிலும் எல்லை உண்டு. மினி 4 ப்ரோவின் பக்கவாட்டுச் சென்சார் 12 மீட்டர் வரைதான் அளக்கும், முன்பக்கம் 18 மீட்டர். வேகம் இரட்டித்தால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். பின்காற்று சேர்ந்தால் இன்னும் கூடும். ஆர்பிட்டும் ரிவீலும் எடுக்கும்போது மெதுவாகப் பறக்கும் சினி மோட் போடுங்கள். விநாடிக்கு 2, 3 மீட்டர் வேகத்தில் படமும் அழகாக வரும், சென்சாருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

ஸ்லோமோஷனுக்காக ஃபிரேம் ரேட்டை ஏற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மேவிக் ஏர் 2-இல் 4கே 60 ஃபிரேமில் பதிவு செய்தால், தடையைச் சுற்றிப் போகும் வசதி கிடைக்காது. உங்கள் மாடலில் எந்த ஃபிரேம் ரேட்டில் எது அணைகிறது என்று வேலைக்கு முதல் நாளே பாருங்கள்.

செட்டிங்கில் பைபாஸ், பிரேக், ஆஃப் என மூன்று இருக்கும். நிகழ்ச்சி வேலைக்கு பிரேக் வையுங்கள். பைபாஸில் ட்ரோன் தடையைப் பார்த்ததும் தானே மேலேயோ பக்கவாட்டிலோ விலகிப் போகும். மரத்தை அது பார்க்கும், மரத்துக்கு மேலே ஓடும் ஒயரைப் பார்க்காது. அந்த ஒயருக்குள் கொண்டுபோய் விடும். பிரேக்கில் ட்ரோன் நின்றுவிட்டால் ஷாட் கெடும், அவ்வளவுதான். திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்டிஎச் உயரம்

சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும். ரிட்டர்ன் டு ஹோம், சுருக்கமாக ஆர்டிஎச் என்பது இதுதான். அப்போது ஸ்டிக்கில் யாரும் இல்லை; சென்சாரின் மதிப்பு அங்கேதான் மிக அதிகம். ஆனாலும் வழியில் உள்ள உயரமான மரம் அல்லது டவரைப் பார்த்து, அதற்கு மேல் 10 முதல் 15 மீட்டர் கூட்டி ஆர்டிஎச் உயரத்தை வையுங்கள். இந்த உயரம் கடல்மட்டத்திலிருந்தோ ட்ரோனுக்குக் கீழே உள்ள தரையிலிருந்தோ அல்ல, நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ அடிவாரத்தில் கிளப்பி, சரிவின் மேலே உள்ள எஸ்டேட்டைப் படம் பிடித்தால், 40 மீட்டர் என்று வைத்த உயரம் அங்கே தேயிலைச் செடி மட்டத்துக்கே வந்துவிடும். மலையில் முடிந்தவரை மேலே நின்று கிளப்புங்கள். பசுமை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கக்கூடிய பகுதியில்) 120 மீட்டர்தான் அனுமதி என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குள் பறப்பது வேறு சிக்கல். ஜிபிஎஸ் இருக்காது. அடிச் சென்சார் தரையின் அடையாளங்களைப் பிடித்து நிற்கும். பளபளக்கும் கிரானைட் தரையில் விளக்குகளின் பிம்பம்தான் தெரியும், ட்ரோன் தானாக நகர ஆரம்பிக்கும். ப்ரொப்பெல்லர் கார்டு மாட்டினால் பக்கத்துச் சென்சார்களை அது மறைக்கும். எடையும் கூடும், 249 கிராம் ட்ரோன் 250-ஐத் தாண்டிவிடும். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை உள்ள நானோ வகைக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை. அதைத் தாண்டியதும் மைக்ரோ வகை. காசுக்குப் பறக்கும் வேலைக்குச் சான்றிதழ் வேண்டும். உள்ளே ட்ரோன் வேண்டும் என்று வீட்டார் கேட்டால் கிம்பலோடு (கேமரா ஆடாமல் கையில் பிடிக்கும் கருவி) நடந்து எடுத்துக் கொடுங்கள். ஓடித் திரியும் குழந்தைகளின் கண் உயரத்தில் ப்ரொப்பெல்லர் சுற்றும் ஷாட் எந்த ஆல்பத்துக்கும் தேவையில்லை.

யாருக்கு வேண்டாம்

மனை, வயல், கட்டுமான இடம் என்று 50, 60 மீட்டர் உயரத்திலிருந்து டாப் ஷாட் மட்டும் எடுப்பவர் அடிச் சென்சார் மாடலோடு நிம்மதியாக வேலை பார்க்கலாம். மிச்சமாகும் பணத்தில் இரண்டு பேட்டரியும் ஒரு செட் ப்ரொப்பெல்லரும் வாங்கினால் அது அதிகம் பயன்படும். தாழப் பறந்து பின்வாங்கும் ஷாட் எடுப்பவர், தனியாள் வேலை பார்ப்பவர், பின்தொடரும் மோடை நம்புபவர் ஆகியோர் நாலாபக்க மாடலுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். அது இல்லாமல் வேலை நடந்தாக வேண்டுமென்றால், ட்ரோனின் முதுகுப் பக்கம் ஓர் ஆளை நிறுத்தி "நில்லு" என்று கத்தச் சொல்லுங்கள்.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு முழு ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்த பிறகு, பழைய ட்ரோன் கைமாறுவது சகஜமாகிவிட்டது. அப்படி வாங்கும்போது சென்சாரைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். விழுந்து எழுந்த ட்ரோனில் சென்சார் கேமரா ஒரு நூலளவு திரும்பியிருந்தாலும் தூரக் கணக்கு தவறும், வெளியே ஒன்றும் தெரியாது. பகல் வெளிச்சத்தில், செங்கல் சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி, 2 மீட்டர் உயரத்தில் ட்ரோனை நிறுத்துங்கள். ஸ்டிக்கால் அது இருக்கும் இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுவரை நோக்கி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துக்குத் திரையில் எச்சரிக்கை வளைவும் தூரமும் வர வேண்டும். ஒரு பக்கம் வராவிட்டாலோ, தூரம் 4 மீட்டரை ஒட்டி இல்லாமல் தாவிக்கொண்டே இருந்தாலோ, சென்சாரைக் கலிபரேட் செய்து மறுபடி சுற்றிப் பாருங்கள். பல மாடல்களில் அதற்குக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைக்க வேண்டியிருக்கும். இரண்டாவது முறையும் அதே பக்கம் குருடாக இருந்தால், அந்தப் பக்கச் சென்சார் இல்லாத ட்ரோனின் விலையைத்தான் கொடுக்க வேண்டும்.